தூக்கின ஹைலக்ஸுக்கு அப்பர் ஆர்ம் மாத்தோணுமோ?

ஒட்டுசுட்டான் பக்கத் தம்பி ஒராள் கேட்டிருந்தவர், சுருக்கமா இதுதான் விசயம்: டொயோட்டா வீகோ ஹைலக்ஸ் டபிள் கப் பிக்கப், முன்னுக்கு ரெண்டரை இஞ்சி தூக்கியிருக்கு, 265/75 16 ரயர், நெடுங்கேணிப் பக்கம் வயலுக்கும் தோட்டத்துக்கும் போய்வாற பாவனை. கிரவல் றோட்டிலயும் காட்டுப் பாதையிலயும் ஒரு குறையும் இல்ல, ஆனா ஏ9 பெருந்தெருவில ஏறி 80க்கு மேல போனா ஸ்ரியறிங் அங்கையும் இங்கையும் அலையுது, முன் ரயர் ரெண்டும் வெளிப்பக்கம் தேயுது, பள்ளத்தில விழேக்க 'டக்' எண்டு ஒரு சத்தமும் வருது. கராஜ் ஒண்டில அப்பர் ஆர்மை (முன் சில்லை மேல்ப்பக்கத்தால சசியோட, அதாவது அடிச்சட்டத்தோட, பிடிக்கிற கை) மாத்தினா எல்லாம் சரி எண்டிட்டினம், இன்னொராள் கீழ்ப்பக்கம் பிடிக்கிற லோவர் ஆர்மையும் சேத்து மாத்தச் சொல்லுறார், மூண்டாவது ஆள் பைப்பில அடிச்சுத் தாறன் எண்டு நிக்கிறார். எதைச் செய்யிறது?

தம்பி, முதல் ஒண்டைச் சொல்லிடுறன், ஏனெண்டா கனபேர் இதிலதான் காசைக் கொட்டுறவை. அப்பர் ஆர்ம் மாத்துறது பலத்துக்கு இல்ல, கோணத்துக்கு. கம்பனி ஆர்ம் பாக்க தகட்டை மடிச்சு ஒட்டின மாதிரி மெல்லிசாக் கிடக்கும், அதைப் பாத்திட்டு இது முறிஞ்சிடும், தடிச்சது போடோணும் எண்டு நினைக்கிறம். ஆனா வீகோவில கொயிலும் (சுருள் வில்லு) சொக்கும் (ஷொக் அப்சோர்பர்) நிக்கிறது லோவர் ஆர்முக்கு மேலதான், பாரம் முழுக்க அங்கதான் இறங்குது. அப்பர் ஆர்ம் செய்யிறது சில்லின்ர தலையைப் பிடிச்சு நேரா வைச்சிருக்கிற வேலை. கம்பனி உயரத்தில ஓடின ஹைலக்ஸில அப்பர் ஆர்ம் சும்மா முறிஞ்சு நான் கண்டதில்ல, புஷ் (ஆர்மைச் சசியில பூட்டுற இடத்தில கிடக்கிற றபர்) போய், போல் ஜொயின்ட் (ஆர்மின்ர மற்ற நுனியில எந்தப் பக்கமும் திரும்புற மூட்டு) போய்த்தான் வாறது.

அப்ப தூக்கினா என்ன நடக்குது? அப்பர் ஆர்ம் கட்டை, லோவர் ஆர்ம் நீளம், ரெண்டும் சசியில பிணைச்சிருக்கு, மற்ற நுனி போல் ஜொயின்ட்டால சில்லுப் பக்கம் பிடிச்சிருக்கு. சில்லு மேல ஏறேக்க அதின்ர தலை உள்ளுக்குச் சரியும், கீழ தொங்கேக்க தலை வெளியால சரியும், கம்பனி அப்பிடித்தான் அமைச்சிருக்கு. நீங்கள் தூக்கினதோட என்ன செய்து போட்டியள் எண்டா, எப்பவாவது பள்ளத்தில விழேக்க மட்டும் வரவேண்டிய அந்தத் தொங்கின நிலையை நிரந்தரமாக்கிப் போட்டியள். சில்லின்ர தலை வெளியால சரிஞ்சபடி நிக்குது, ரயரின்ர வெளிக்கரை தேயுது. ரயர் தேயிற முறைப்பாட்டில பாதி அதுதான், மிச்சப் பாதி டோ, அதாவது ரெண்டு சில்லும் முன்னுக்கு ஒண்டையொண்டு பாக்குதா விலகிப் பாக்குதா எண்ட கணக்கு. தூக்கினா ஸ்ரியறிங் றொட் சரிவும் மாறுது, அதால டோவும் மாறும். கைய வைச்சே கண்டுபிடிக்கலாம்: முறிகண்டியில பிள்ளையாரைக் கும்பிட நிப்பாட்டுவியள்தானே, கச்சான் வாங்கிற நேரத்தில முன் ரயர் பூவுக்கு மேல உள்ளங்கையை வெளியால இருந்து உள்ளுக்கும், பிறகு உள்ளால இருந்து வெளிக்கும் தடவிப் பாருங்கோ. ஒரு பக்கம் வழுவழு எண்டும் மற்றப் பக்கம் அரிவாள் பல்லு மாதிரியும் பிடிச்சா அது டோ. பல்லு ஒண்டும் இல்லாம வெளிக்கரை மட்டும் மொட்டையா இருந்தா அது கேம்பர், அதாவது சில்லின்ர தலை உள்ளுக்கோ வெளியாலயோ சரியிற கணக்கு.

அலையிறது வேற கதை. அது காஸ்டர். சைக்கிளின்ர முன் போர்க்கைப் பாருங்கோ, நேர் செங்குத்தா நிக்காது, கீழ்நுனி முன்னுக்குத் தள்ளிச் சரிஞ்சிருக்கும், அதாலதான் ஹாண்டிலை விட்டிட்டு ரெண்டு கையையும் கட்டிக்கொண்டு பொடியள் ஓடுறாங்கள். வாகனத்திலயும் மேல் போல் ஜொயின்ட் கொஞ்சம் பின்னுக்கும் கீழ் போல் ஜொயின்ட் கொஞ்சம் முன்னுக்கும் இருக்கோணும், இந்த வகை வாகனங்களுக்கு அந்தச் சரிவு கனதரம் 2இல இருந்து 4 டிகிரிக்குள்ள வரும். வீகோவில கேம்பரையும் காஸ்டரையும் சரிப்பண்ணுறது லோவர் ஆர்மின்ர உள்ப்பக்கம் கிடக்கிற ஒரே ரெண்டு கேம் போல்ட்டாலதான் (சுத்தினா ஆர்மை உள்ளுக்கும் வெளியாலயும் தள்ளுற போல்ட்). தூக்கின வாகனத்தை எலைன்மன்டுக்கு (சில்லின்ர கோணங்களைச் சரிப்பண்ணுறது) விட, செய்யிறவர் சரிஞ்ச கேம்பரை நிமித்தவே அந்த ரெண்டு போல்ட்டையும் கடைசி மட்டும் சுத்திடுவார், காஸ்டருக்கு மிச்சம் ஒண்டும் இராது. ரயர் தேய்வு குறையும், ஆனா ஏ9இல அலைச்சல் அப்பிடியே நிக்கும். மாங்குளம் தாண்டி நேர்றோட்டில குறுக்குக் காத்து அடிச்சா இன்னும் மோசம்.

சந்தையில விக்கிற அப்பர் ஆர்ம் இந்த இடத்திலதான் கை கொடுக்குது. அதில போல் ஜொயின்ட் இருக்கிற இடத்தைக் கொஞ்சம் பின்னுக்கும் உள்ளுக்கும் தள்ளி வைச்சிருப்பாங்கள், அதால கேம் போல்ட்டைத் தொடாமலே காஸ்டர் கூடும், கேம்பரும் நிமிரும். போல் ஜொயின்ட்டையும் கூடச் சரியக்கூடியதாப் போட்டிருப்பாங்கள், ஆர்மின்ர வளைவை மாத்தி கொயிலில முட்டாம இடமும் விட்டிருப்பாங்கள். நீங்கள் காசு குடுக்கிறது இந்த மூண்டுக்கும்தான். தடிச்ச பைப், சிவப்புப் பெயின்ற் எல்லாம் வடிவுக்கு.

இப்ப அந்த 'டக்'. வாங்க முதல் இதைப் பாக்கோணும், ஏனெண்டா எப்பிடித் தூக்கியிருக்கு எண்டதிலதான் எல்லாம் கிடக்கு. சொக்குக்கு மேல ஸ்பேசர் வைச்சுத் தூக்கினதோ, இல்லாட்டி கொயிலை மாத்தித் தூக்கினதோ? கொயில் ஆர்மின்ர நடுவில நிக்கிறதால மேல ஒரு இஞ்சி ஸ்பேசர் வைச்சா சில்லடியில கிட்டத்தட்ட ரெண்டு இஞ்சி ஏறும், அதாலதான் சின்னத் துண்டு ஒண்டை வைச்சிட்டு பெரிய வித்தை காட்டினமாதிரி விடுறாங்கள். அதில ஒரு ஆபத்து இருக்கு. சில்லு எவ்வளவு கீழ தொங்கலாம் எண்டு எல்லை போடுறது சொக்குதான். ஸ்பேசர் வைச்சா சொக்கு முழுசாக் கீழ இறங்கிடுது, எல்லையும் சேந்து இறங்கிடுது, சில்லு தொங்கேக்க சொக்கு பிடிச்சு நிப்பாட்ட முதல் போல் ஜொயின்ட் தன்ர கோணத்தின்ர கடைசிக்குப் போய் முட்டுது, இல்லாட்டி ஆர்ம் கொயிலில போய் அடிக்குது. உங்கட சத்தம் அதுவா இருந்தா விளையாட்டில்ல, போல் ஜொயின்ட் கழண்டா சில்லு மடிஞ்சு படுத்திடும். கொயிலை மாத்தித் தூக்கி சொக்கின்ர நீளம் அதேயா இருந்தா, எல்லை மாறேல்ல, கீழ தொங்க மிச்சம் இருந்த தூரம்தான் குறைஞ்சு போச்சு, அப்ப வாற டக் சொக்கு முழுசா நீண்டு தட்டுற சத்தம். அதுக்கு ஆர்ம் மாத்தினா ஒரு பிரயோசனமும் இல்ல, நீளமான சொக்குத்தான் வேணும்.

பாக்கிறது லேசு. சசியில ஜக் வைச்சுத் தூக்கி, ஸ்ராண்ட் குடுத்து (ஜக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழ தலையை விடாதேங்கோ, கல்லும் வேண்டாம், மரக்குத்தியும் வேண்டாம்), முன் சில்லு ரெண்டையும் கழட்டித் தொங்க விடுங்கோ. ரோர்ச் அடிச்சு அப்பர் ஆர்மின்ர உள்வளைவையும் கொயிலையும் பாருங்கோ. பெயின்ற் உரிஞ்சு வெள்ளி மாதிரி மினுங்கினா அங்க முட்டுது. பிறகு அலவாங்கை ஆர்முக்கும் நக்கிளுக்கும் (போல் ஜொயின்ட் பூட்டியிருக்கிற, சில்லைத் தாங்கிற துண்டு) இடையில வைச்சு மெல்ல நெம்பிப் பாருங்கோ, போல் ஜொயின்ட்டில ஒரு நூல் ஆட்டமும் தெரியக் கூடாது. புஷ்ஷிலயும் நெம்புங்கோ, றபர் வெடிச்சு இரும்பை விட்டுப் பிரிஞ்சிருந்தா வாய் திறந்து காட்டும். சிலவேளை அலையிறதுக்குக் காரணம் தூக்கினது இல்ல, பதினைஞ்சு வருசப் பழைய புஷ். 2020 பங்குனியில இலங்கையில வாகன இறக்குமதி நிப்பாட்டினதில இருந்து 2025 மாசி மட்டும் எல்லாரும் இருந்ததைத்தானே இழுத்துப் பிடிச்சு ஓடினம், எங்கட பக்கம் ஓடுற வீகோ எல்லாம் 2015க்கு முந்தினது, புஷ் மாத்தாத வாகனம்தான் கனக்க.

பைப்பில அடிச்சுத் தாறன் எண்டவரைப் பற்றி. வன்னி மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் துளியை விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணையில மோட்டார் சைக்கிள் ஓட வைச்ச கையள் அது. ட்ரெயிலர் சசி, லான்ட்மாஸ்ரர் பெட்டி, எதையும் அடிப்பினம். ஆனா ஆர்ம் வேண்டாம். கடையில வாங்கிற ஜிஐ பைப் (நாகம் பூசின இரும்புக் குழாய்) தண்ணி போறதுக்குச் செய்தது, நீட்டுக்கு ஒரு ஒட்டுத் தையல் போகும், பிறேக் அடிக்கேக்க வாற இழுவைக்கும் முறுக்குக்கும் கணக்குப் போட்டு ஆரும் அதைச் செய்யேல்ல. அதைவிட மோசம் போல் ஜொயின்ட் கோப்பையை வெல்டிங் பண்ணிறது, சூடு போன இடத்தில வெல்டிங் கரையோட மயிர் அளவு வெடிப்பு ஒண்டு தொடங்கும், மேல பெயின்ற் அடிச்சாப் பிறகு ஆரும் காணாயினம், ஒரு நாள் நந்திக்கடல் வெளிக் காத்தில பிள்ளையளோட போகேக்கதான் தெரியும். லோவர் ஆர்மைப் பற்றின பதிலும் கிட்டத்தட்ட இதுதான்: வளையேல்ல, வெடிக்கேல்ல எண்டா கம்பனி லோவரைத் தொடாதேங்கோ. நீளமான லோவர் ஆர்ம் பாலைவன ரேஸ் ஓடுறவைக்கு, அதுக்கு சிவி சாவ்ட்டும் (முன் சில்லைச் சுத்துற தண்டு) நீளமா வேணும், வயலுக்குப் போறவனுக்கு எதுக்கு?

வாங்கிறதெண்டு முடிவெடுத்தா, முதல் கேள்வி நுனியில என்ன கிடக்கு எண்டது. ரெண்டு வகை வரும். ஒண்டு கம்பனி மாதிரி மூடின போல் ஜொயின்ட், றபர் சட்டை போட்டது. மற்றது திறந்த உருண்டை ஜொயின்ட், யூனிபோல் எண்டுவினம், படத்தில பாக்க வடிவு, அசைவும் கூட. எங்கட இடத்துக்கு ரெண்டாவது சரிவராது. கோடையில அந்தச் செம்மண் புழுதி மாவு மாதிரி எல்லா இடுக்குக்கையும் போகும், காலபோகம் தொடங்க வயல் சேறு, குளம் வான் பாயிற நாளில தாம்போதியில சில்லு மறையத் தண்ணி, ஒரு மாரி முடிய முதல் அது கிலுக்கட்டி மாதிரிக் கிலுங்கும். மூடின ஜொயின்ட் எடுங்கோ, கிறீஸ் நிப்பிள் இருந்தா நல்லம். அதைவிட முக்கியம், அந்த ஜொயின்ட் மட்டும் தனியக் கழட்டி மாத்தக் கூடியதோ, அதின்ர நம்பர் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையளில கேட்டா கிடைக்கிற சாதாரண நம்பரோ எண்டு விக்கிறவரிட்டக் கேளுங்கோ. முழிச்சாரெண்டா அந்த ஆர்ம் வேண்டாம், எவ்வளவு நல்ல கம்பனியா இருந்தாலும். ஜொயின்ட் போக முழு ஆர்மையும் வெளிநாட்டில இருந்து எடுப்பிக்க நிண்டா வாகனம் ரெண்டு மாசம் மாமரத்துக்குக் கீழ நிக்கும்.

புஷ்ஷும் ரெண்டு வகை, றபரும் பொலியூறித்தேனும். பொலி இறுக்கம், ஸ்ரியறிங் சொன்னவுடன திரும்பும், ஆனா கிறீஸ் காய்ஞ்சா பழைய ஊஞ்சல் மாதிரிக் கிறீச்சிடும், மூண்டு நாலு மாசத்துக்கு ஒருக்கா கிறீஸ் அடிக்கோணும், புழுதி கிறீஸோட சேந்தா அரைக்கிற பசை. கிரவல் றோட்டில நாள்முழுக்க ஓடுறவருக்கு நான் றபர்தான் சொல்லுவன், அதிர்வைக் குடிச்சுக்கொள்ளும், பராமரிப்பு இல்ல. இதில கனபேர் என்னோட ஒத்துக்கொள்ளமாட்டினம், பறவாயில்ல.

றபர் புஷ்ஷில ஒரு சூட்சுமம் இருக்கு, அதை நான் என்ர சொந்த வாகனத்தைக் கெடுத்துத்தான் படிச்சன். அந்த றபர் சுத்துறேல்ல. வெளிக் குழாயிலயும் உள் குழாயிலயும் ஒட்டிக் கிடக்கும், ஆர்ம் மேல கீழ போகேக்க றபர் முறுகிக் குடுக்கும், பிறகு திரும்பி வரும். போல்ட்டை இறுக்கினா உள் குழாய் சசியோட பிடிபட்டிடும், அந்த நேரம் ஆர்ம் எந்தக் கோணத்தில நிக்குதோ அதுதான் றபருக்கு 'முறுகாத நிலை'. நான் முதல்தரம் பூட்டேக்க வாகனம் ஸ்ராண்டில, சில்லு தொங்குது, கைக்கு வசதியா இருக்கெண்டு அப்பிடியே இறுக்கிப்போட்டன். கீழ இறக்கினவுடன ஆர்ம் மேல வந்திட்டுது, றபர் ஒரு பக்கம் முழுசா முறுகினபடியே நிக்குது, அதுக்கு மேல ஒவ்வொரு பள்ளத்துக்கும் இன்னும் முறுகுது. மூண்டாம் மாசம் புதுப் புஷ் நாலும் கிழிஞ்சு போச்சு, நான் பொருள் கூடாதெண்டு வித்தவரைப் பேசிக்கொண்டு திரிஞ்சன். ஒழுங்கான முறை இதுதான்: போல்ட்டைப் போட்டு சுரையைக் கையால மட்டும் ஓட்டி விடுங்கோ, சில்லைப் பூட்டி வாகனத்தைத் தரையில இறக்குங்கோ, முன் பம்பரில ஏறி நாலைஞ்சு தரம் ஆட்டி விடுங்கோ, வாகனம் தன்ர உயரத்தில நிண்டாப் பிறகுதான் கடைசி இறுக்கு. வீகோவில அப்பர் ஆர்முக்கு ஒரே நீட்டு போல்ட், சில்லு நிக்கேக்க ஸ்பனர் போறது கரைச்சல்தான், உள்மட்காட் பிளாஸ்ரிக்கைக் கழட்டினா கை போகும். கராஜில விட்டா பக்கத்தில நிண்டு இதைப் பாருங்கோ. 'அண்ணை, இறக்கிப்போட்டு இறுக்குங்கோ' எண்டு சொல்ல அவர் முகம் சுழிச்சாலும் பறவாயில்ல. எவ்வளவு இறுக்கிறதெண்டது வாகனத்தின்ர மனுவலில கிடக்கும், ரோர்க் ஸ்பனர் இருக்கிற கராஜாத் தேடுங்கோ.

மிச்ச வேலை சுருக்கமா. பழைய போல் ஜொயின்ட்டைக் கழட்டேக்க சட்டையில சுத்தியலால அடிக்காம நக்கிளின்ர பக்கவாட்டில அடிச்சா கூம்பு தன்ரபாட்டில விடும், புல்லர் இருந்தா இன்னும் நல்லம். சுரைக்கு ஸ்பிளிட் பின் வாறதெண்டா புதுசு போடுங்கோ, பழசை நிமித்தித் திரும்பப் போடுறவையை எனக்குப் பிடிக்காது. பிறேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் ஆர்மோட சேத்துப் பிடிச்சிருந்தா, புது ஆர்மிலயும் அந்த இடம் இருக்கோ பாருங்கோ, இல்லாட்டி கேபிள் டை கட்டிட்டு, முழுசா தொங்கவிட்டு, ஸ்ரியறிங்கை ரெண்டு பக்கமும் கடைசி மட்டும் திருப்பி வயர் இழுபடுதோ எண்டு பாருங்கோ. கேம் போல்ட்டுகளுக்கு ரெண்டு நாள் முதலே துரு இளக்கிற எண்ணெய் அடிச்சு வையுங்கோ, முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் ஓடின வாகனமெண்டா அது புஷ்ஷின்ர உள் குழாயோட ஒட்டிப்போய் வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும். சிவி சட்டை கிழிஞ்சிருக்கோ எண்டதையும் அந்த நேரமே பாருங்கோ, ரெண்டரை இஞ்சியில சாவ்ட்டின்ர சரிவு கூட, ஆர்ம் அதை மாத்தாது.

பிறகு எலைன்மன்ட். கனக்க இடத்தில டோவை மட்டும் பாத்திட்டு 'சரி அண்ணை' எண்டு விட்டிடுவினம். காஸ்டர், கேம்பர், டோ மூண்டுக்கும் செய்ய முதலும் செய்தாப் பிறகும் அச்சடிச்ச தாள் தரக்கூடிய இடத்துக்குப் போங்கோ. காஸ்டர் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்டா இருக்கோணும், ஒரு பக்கம் குறைஞ்சா வாகனம் அந்தப் பக்கம் இழுக்கும். ஆயிரம் கிலோமீற்றர் ஓடினாப் பிறகு சுரையளை ஒருக்கா பிடிச்சுப் பாத்து, எலைன்மன்டும் ஒருக்கா செய்யுங்கோ, புதுக் கொயிலெண்டா கொஞ்சம் அமர்ந்திருக்கும்.

ஜிம்னி, பழைய பற்றோல், பழைய டிபென்டர் ஜீப் வைச்சிருக்கிறவையும் இதை வாசிப்பினம், அவையளுக்குக் கணக்கு வேற. அதுகளில முன்னுக்கும் முழு அச்சு, நீட்டு ஆர்ம் ரெண்டு அச்சைப் பிடிச்சபடி சசிக்குப் போகுது. தூக்கினா அச்சே உருளும். ஆர்ம் 80 சென்ரிமீற்றர் எண்டு வையுங்கோ, 5 சென்ரிமீற்றர் தூக்க மூண்டரை டிகிரி உருண்டிடும், அதாவது கம்பனி குடுத்த காஸ்டர் அவ்வளவும் போச்சு. அதுக்கு மையம் தள்ளின புஷ் காணும், ஆர்ம் மாத்தத் தேவையில்ல. குறுக்கால போற பான்ஹார்ட் றொட் அச்சை ஒரு பக்கம் இழுத்து வைச்சிருக்கும், அதை நீளம் மாத்தக் கூடியதாப் போடோணும். ஹைலக்ஸின்ர பின்பக்கம் வில்லுத் தகடு, அங்க ஆர்ம் எண்ட கதையே இல்ல.

உங்கட விசயத்துக்கு வாறன். உயரம் ரெண்டரை இஞ்சி எண்டுறியள், ஒண்டரை ரெண்டு எண்டால் நல்ல எலைன்மன்டும் புதுப் புஷ்ஷும் காணுமெண்டு சொல்லியிருப்பன். 265/75 ரயர் தானே 80 சென்ரிமீற்றர் உயரம், வரம்பு ஏற அதுவே உதவும், முன்னுக்கு ஒரு இஞ்சி இறக்கினா செலவும் மிச்சம், ஏ9இல நிம்மதியும் வரும். இல்ல, உந்த உயரம்தான் வேணும் எண்டா அப்பர் ஆர்ம் ஒரு சோடி, மூடின ஜொயின்ட், றபர் புஷ், லோவரைத் தொடாம. ஆனா காசைக் குடுக்க முதல் வாகனத்தைத் தூக்கித் தொங்கவிட்டு, சொக்குக்கு மேல ஸ்பேசர் கிடக்கோ, ஆர்முக்கும் கொயிலுக்கும் இடையில எத்தின விரல் போகுது எண்டு பாத்து எழுதுங்கோ தம்பி, ஒரு விரலும் போகேல்ல எண்டா அது மாத்தும் மட்டும் ஏ9 பக்கம் போகாதேங்கோ.